உயர்திணை தேடிய பாவை: ஒசாமு தெசூக்காவின் வாழ்வும் வரைவும்

கையாற் சமைத்த பொறியொன்று உயிருள்ளதுபோல் இயங்கக் காணல் வேண்டும் என்னும் அவா மனித குலத்துக்குப் புதியதன்று. சங்கச் சான்றோர் கொல்லிமலைப் பாவையைப் பாடினர். உதயணன் கதையில் அம்மன்னனைச் சிறைப்படுத்த உதவியது பொறியானை. சீவக சிந்தாமணியிற் கருவுற்ற விசயை உயிர் தப்பிச் சென்றது மயிற்பொறி ஏறி. ஆயினும் இப்பொறிகள் யாவும் ஏவல் செய்து அமைந்தனவேயன்றி, ஏவியவன் முகம் நோக்கித் தான் யார் என வினவினவல்ல. அவ்வாறு வினவும் பொறியொன்றைப் படைத்து, அவ்வினாவைச் சிறுவர் உள்ளத்தில் ஆழப் பதித்தவர் யப்பான் நாட்டுச் சித்திரக்கதையாசிரியர் ஒசாமு தெசூக்கா.

பண்டாரவளையிலும் பதுளையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழும் நம் பிள்ளைகள் யப்பானிய இயங்கு சித்திரங்களைத் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் கண்டு களிக்கின்றனர். அவற்றின் நாயகர் பெயர்களை வரிசையாக ஒப்புவிக்கவும் வல்லர். அக்கலையின் ஊற்றுக்கண் எதுவென அவர்க்கு எடுத்துரைப்பாரோ அரியர். பழந்தமிழ் கற்பிக்கும் யான் அப்பணியை மேற்கொள்வது என்னை எனின், அதற்கோர் இலக்கணக் காரணம் உண்டு. அது கட்டுரையின் இடையே தானே விளங்கும்.

பூச்சி தேடிய இளமை

தெசூக்கா 1928 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆம் திகதி ஒசாக்காவை அடுத்த தொயோனாக்கா என்னுமிடத்திற் பிறந்தார். உடன்பிறந்தார் மூவருள் மூத்தவர் அவரே. 1933 ஆம் ஆண்டளவிற் குடும்பம் தக்கராசுக்கா என்னும் ஊரிற் குடியேறியது. பெண்களே எல்லா வேடங்களையும் தாங்கி நடிக்கும் இசைநாடகக் குழுவினாற் புகழ்பெற்ற ஊர் அது. தாயார் மகனை அந்நாடகங்களுக்கு அழைத்துச் செல்வார். தந்தையாரிடம் வீட்டிலேயே படங்காட்டும் சிறு பொறியொன்று இருந்தது. சாப்ளினின் நகைச்சுவைப் படங்களையும் டிஸ்னியின் இயங்கு சித்திரங்களையும் சிறுவர் அதனிற் கண்டார். நாடக அரங்கும் திரைப்படமும் ஆகிய இவ்விரண்டும் பிற்காலத்தில் அவர் தூரிகைக்கு இரு கண்களாயின.

மெலிந்த உடலும் சுருண்ட தலைமயிரும் மூக்குக்கண்ணாடியும் உடைய அவரைச் சக மாணவர் எள்ளி நகையாடினர். அவர்தம் நட்பை அவர் வென்றது சித்திரத்தினால். கொப்பி கொப்பியாக அவர் வரைந்த கதைகள் வகுப்பெங்கும் கைமாறின. ஒருமுறை ஆசிரியர் அவற்றிலொன்றைப் பறித்துச் சென்றார். ஆசிரியர் அறையில் அது பலர் கைக்கும் சென்று படிக்கப்பட்டது. அதன்பின் அவர் வரைவதைத் தடுப்பார் இலராயினர் என்பர். நம்போல் ஆசிரியத் தொழிலில் உள்ளார் ஊன்றிக் கருதவேண்டிய செய்தி இது.

பூச்சிகளைத் தேடித் திரட்டுவதிலும் அவருக்குப் பேரார்வம் இருந்தது. யப்பானிய மொழியில் ஒசாமுசி என்பது ஒருவகை நிலவண்டின் பெயர். தம் பெயரும் அவ்வண்டின் பெயரும் ஒத்திருப்பதைக் கண்டு மகிழ்ந்த சிறுவர், பூச்சி என்னும் பொருள்தரும் எழுத்தொன்றைத் தம் பெயருடன் சேர்த்துப் புனைபெயராக்கிக்கொண்டார். அவர் வரலாற்றில் இப்பூச்சி மீண்டும் வரும்.

போரும் மருத்துவமும்

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் மாணவர்கள் படைக்கலத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். தெசூக்காவும் ஒசாக்காவில் அவ்வாறு வேலை செய்தார். 1945 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அந்நகர்மீது குண்டுமாரி பொழிந்தபோது அவர் காவற் கோபுரத்தின்மேல் நின்றிருந்தார். அருகில் இருந்தோர் மாண்டனர். அவர் உயிர் பிழைத்தார். அக்காட்சி அவரை வாழ்நாள் முழுதும் விட்டகலவில்லை. 1974 ஆம் ஆண்டில் வெளியிட்ட காகிதக் கோட்டை என்னும் கதையில் அதனை நேரே தீட்டினார். போர் ஓய்ந்த ஓகஸ்ட் மாத இரவில், இருளிற் கிடந்த ஒசாக்கா நகரின் விளக்குகள் மீண்டும் எரியக் கண்டு, தாம் உயிரோடிருப்பதையும் இனி வரையலாம் என்பதையும் உணர்ந்து மகிழ்ந்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இளமையில் இரு கைகளிலும் கடுந்தோல்நோய் பற்றி, அவற்றை இழக்கும் நிலை அவருக்கு நேர்ந்தது. மருத்துவர் ஒருவர் அவற்றைக் காத்தார். அந்நன்றியுணர்வு அவரை மருத்துவக் கல்விக்கு ஈர்த்தது. 1945 ஆம் ஆண்டில் ஒசாக்காப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவப் பிரிவிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டு சனவரியிற் சிறுவர் நாளிதழொன்றில் அவருடைய முதற் சித்திரத் தொடர் வெளியாகியது. அப்பொழுது அவருக்கு அகவை 17. பகலில் உடற்கூற்றியலும் இரவிற் சித்திரமுமாக ஆண்டுகள் கழிந்தன. எதனை மேற்கொள்வது எனத் தடுமாறிய மகனிடம், அவன் எதனை மிக விரும்புகின்றானோ அதனையே கொள்க எனத் தாயார் கூறினார். மகன் சித்திரத்தைக் கொண்டார். எனினும் மருத்துவக் கல்வியை இடையிற் கைவிட்டாரல்லர். தேர்வெழுதி மருத்துவ உரிமம் பெற்றார். பெரும்புகழ் எய்தியபின், 1961 ஆம் ஆண்டில், நன்னீர் நத்தையின் விந்தணுக்களை நுண்காட்டியால் ஆராய்ந்து மருத்துவத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

அசையாப் படத்தை அசைத்தமை

1947 ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய புதையற்றீவு என்னும் நூல் யப்பானியச் சித்திரக்கதையின் போக்கை மாற்றியது. இதன் கதையமைப்புக்குச் சாக்காய் சிச்சிமா என்பார் துணைநின்றார். போரினாற் சிதைந்த நாட்டில், மலிவான தாளில், சிறுவர் கைக்காசுக்கு எட்டும் விலையில் அச்சான நூல் அது. நாலு இலட்சம் பிரதிகள் விற்பனையாயின என்பர்.

அதற்கு முன்னைய சித்திரக்கதைகளில் உருவங்கள் நாடக மேடையைத் தொலைவிலிருந்து காண்பதுபோல் ஒரே அளவில் நின்றன. தெசூக்காவின் நூலோ, சிறுவன் ஒருவன் மகிழுந்தைத் துறைமுகம் நோக்கி விரைந்து செலுத்தும் காட்சியுடன் தொடங்கியது. ஒரு கட்டத்தில் வண்டி தொலைவில் தோன்றும். மறு கட்டத்தில் அண்மையில் வரும். வேறொன்றிற் சிறுவன் முகம் மட்டும் பெருகி நிற்கும். திரைப்படக் கருவியின் பார்வையைத் தாளுக்குக் கொணர்ந்தார் என்க. தாள் அசையவில்லை, படிப்போன் கண் அசைந்தது.

நாடகத்திலிருந்து கற்ற உத்தி ஒன்றும் உண்டு. தாம் படைத்த உருவங்களை நடிகர்போற் கருதி, ஒரு கதையில் வில்லனாக வந்தவனை மற்றொரு கதையில் நல்லாசானாக வரச்செய்வார். நம் தோட்டங்களிற் காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கூத்தையும் கண்டு வளர்ந்தார்க்கு இது வியப்பன்று. நேற்றைய சங்கரே இன்றைய சிவனாராக வருதலை ஏற்று மகிழும் கண் நம்முடையது.

இழந்த உலகம் (1948), மெத்ரோபொலிஸ் (1949), வரவிருக்கும் உலகம் (1951) ஆகிய மூன்று நெடுங்கதைகளாலும் விஞ்ஞானப் புனைகதை யப்பானியச் சித்திரக்கதையுட் பெருவழியாயிற்று. 1950 ஆம் ஆண்டிற் காட்டின் பேரரசன் என்னும் சிங்கக்கதையும், 1953 ஆம் ஆண்டில் ஆணுடையில் வாள்வீசும் இளவரசி ஒருத்தியின் கதையும் தொடங்கின. இத்தனைக்கும் இடையே கற்றோர் சிலர் இக்கலையை இகழ்ந்தமையும் உண்டு. 1955 ஆம் ஆண்டளவில் யப்பானிற் பெற்றோரும் ஆசிரியரும் தீய நூல் ஒழிப்பு என்னும் இயக்கம் நடத்திச் சித்திரக்கதைகளைத் தீயிலிட்டனர். தெசூக்காவின் ஆக்கங்களும் அக்கண்டனத்துக்குத் தப்பவில்லை. அவர் விடையிறுத்தது வாதத்தினாலன்று, மேன்மேலும் வரைந்தே.

அத்தோமு

1951 ஆம் ஆண்டு ஏப்பிரலிற் சிறுவர் இதழொன்றில் தூதுவன் அத்தோமு என்னும் தொடர் தொடங்கியது. விண்ணிலிருந்து வந்த குடியினருக்கும் மண்ணவர்க்கும் பகை மூள்கின்றது. இரு சாராரிடையே தூது செல்கின்றான் இயந்திரச் சிறுவன் ஒருவன். மறு ஆண்டில் அச்சிறுவனே நாயகனாகப் புதிய தொடர் பிறந்து 1968 வரை நடந்தது. ஆங்கிலம் வல்லார் அவனை அஸ்ட்ரோ போய் என்பர். அத்தோமு என்றால் அணு. கிரோசிமாவும் நாகசாக்கியும் அணுகுண்டுக்கு இரையாகி ஆறாண்டு கழிவதற்குள், அந்நாட்டுக் கலைஞர் ஒருவர் அச்சொல்லையே ஒரு குழந்தைக்குப் பெயராகச் சூட்டினார். அழித்த ஆற்றல் காக்கும் ஆற்றலாதல் கூடுமோ என்னும் ஏக்கம் அப்பெயரில் உண்டு.

அதே 1951 ஆம் ஆண்டு செப்டெம்பரிற் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன, பகை பகையாற் தணியாது என்னும் புத்தர் போதனையை எடுத்துக்காட்டி, யப்பானிடம் இழப்பீடு கோரவேண்டா என வாதிட்டார். யப்பானியர் அந்நன்றியை இன்றும் மறந்திலர்.

அத்தோமுவின் பிறப்பு துயரமானது. தென்மா என்னும் விஞ்ஞானியின் ஒரே மகன் வீதி விபத்தில் இறந்துபடுகின்றான். மகனைப் பிரிந்த தந்தை அவனைப்போலவே ஓர் இயந்திரச் சிறுவனை அமைக்கின்றார். நாட்கள் செல்கின்றன, இயந்திரச் சிறுவன் வளரவில்லை. வளராத மகனை வெறுத்த தந்தை அவனை வேடிக்கைக் கூடாரத்துக்கு விற்றுவிடுகின்றார். ஒச்சானோமிசு என்னும் அறிஞர் அவனை மீட்டு வளர்க்கின்றார். நூறாயிரம் குதிரைவலு உடையவன், வானிற் பறப்பான், நல்லார் தீயாரைப் பகுத்தறிவான். எனினும் மனிதர் பலர்க்கு அவன் ஒரு பண்டமே. இத்தொடரை மக்கள் விஞ்ஞானத்தின் வெற்றிப் பாட்டாகக் கொண்டனர். ஆயின் தாம் காட்ட முயன்றது விஞ்ஞானத்துக்கும் மனிதனுக்கும் இடையேயுள்ள பிணக்கையே எனத் தெசூக்கா பின்னாளில் வருந்திக் கூறினார்.

திணை பற்றிய வினா

இனி முன்னர்க் குறித்த இலக்கணக் காரணத்துக்கு வருகின்றேன். தரம் 9 வகுப்பில் ஒருநாள் திணைப் பாகுபாட்டை விளக்கிக்கொண்டிருந்தேன். மக்கள் எனச் சுட்டப்படுவோர் உயர்திணை, அவரல்லாத பிற அஃறிணை எனத் தொல்காப்பியர் வகுத்தமையையும், நன்னூலார் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையுட் சேர்த்தமையையும் கூறினேன். தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, அத்தோமு வந்தான் என எழுதுவதா, வந்தது என எழுதுவதா, சேர், எனக் கேட்டாள்.

இலக்கணத்தில் இதற்கு வழியுண்டு. பசுவைப் பார்த்து என் அம்மை வந்தாள் என்பது உவப்பினால் வந்த திணைவழுவமைதி. அதுபோல் அன்பினால் வந்தான் எனலாம் என்றேன். அவள் அமையவில்லை. அன்பில்லாதவர் எவ்வாறு எழுதுவர் என்றாள். அவள் வினாவே தெசூக்காவின் வினா. அத்தோமு வேண்டுவது உவப்பினால் வரும் வழுவமைதியன்று. உரிமையால் வரும் வழாநிலை. ஒருவர் விரும்பினால் வந்தான், விரும்பாவிடின் வந்தது என்றிருக்கும் நிலை இரந்து பெறும் மதிப்பேயாம்.

ரோபோ என்னும் சொல்லின் வரலாறும் இதனை வலியுறுத்தும். 1920 ஆம் ஆண்டிற் செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் தம் நாடகத்தில் அச்சொல்லை வழங்கினார். அதனைச் சொல்லிக் கொடுத்தவர் அவர் தமையனார் யோசப். செக் மொழியிற் ரோபொத்தா என்பது கட்டாய உழைப்பைக் குறிக்கும். உழைப்பு மட்டும் வேண்டும், உழைப்பவன் வேண்டா என எண்ணிய நெஞ்சு பெற்ற சொல் அது.

மலையகத்தார்க்கு இச்சொற்பொருள் அகராதியில் தேடியறிய வேண்டுவதன்று. நம் முன்னோரும் உழைப்பாக எண்ணப்பட்டனர். வேலைக்கு வந்த ஆளின் தலைக்கு இவ்வளவு எனக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. தலை எண்ணப்பட்டது, தலைக்குள் இருந்தது எண்ணப்படவில்லை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் அவர்களுட் பல இலட்சம் பேர் நாடற்றோராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. அயல்நாட்டின்பால் அருள் பேசிய அதே காலத்து அரசு, சொந்த மலையில் கொழுந்து பறித்தவர்க்கு அவ்வருளை நீட்டவில்லை. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தமோ மக்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளும் தொகையாக்கியது.

தெசூக்காவின் கதையில் அத்தோமு பிறக்கும் நாள் 2003 ஆம் ஆண்டு ஏப்பிரல் 7. அந்நாள் மெய்யாகவே வந்தபோது, தெசூக்காவின் ஓவியக்கூடம் அமைந்த நீசா என்னும் நகரசபை அத்தோமுவைத் தன் சிறப்புக் குடிமகனாகப் பதிவு செய்தது. தாளிற் பிறந்த பாவைக்கும் ஓர் ஊர் கிடைத்தது. அதே 2003 ஆம் ஆண்டில், இந்திய வம்சாவளியினருள் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இவை இரண்டும் ஓராண்டில் நிகழ்ந்தமை தற்செயலே. ஆயினும் 55 ஆண்டுகள் காத்திருந்த மக்களின் வழித்தோன்றலாகிய யான் அதனைத் தற்செயல் எனக் கடந்துசெல்ல இயலாதவனாயிருக்கின்றேன்.

உயர்வும் வீழ்வும்

தெசூக்கா இளமைப் பூச்சியை மறந்தாரல்லர். 1961 ஆம் ஆண்டில் தாம் தொடங்கிய இயங்குபட நிறுவனத்துக்கு முசி, அதாவது பூச்சி, என்றே பெயரிட்டார். 1963 ஆம் ஆண்டு சனவரி 1 ஆம் திகதி அத்தோமு தொலைக்காட்சியில் உலவத் தொடங்கினான். வாரந்தோறும் அரைமணி நேரம். நான்கு ஆண்டுகளில் 193 பகுதிகள். அமெரிக்காவிலும் அது ஒளிபரப்பாகியது. ஞாயிற்றினால் உலகுக்கு நேர்ந்த இடரைத் தீர்க்க அத்தோமு அந்த ஞாயிற்றுள்ளே பாய்வதுடன் 1966 இறுதியில் தொடர் முடிந்தது.

வாரமொரு பகுதி ஆக்குவதற்காகப் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, வரைந்தவற்றையே மீளப் பயன்படுத்தும் முறையை அவர் கையாண்டார். ஆக்கச் செலவினும் குறைந்த விலைக்குத் தொலைக்காட்சிக்கு விற்றார். இதனால் இயங்குபடத் தொழிலாளர் ஊதியம் நெடுங்காலம் தாழ்ந்தது எனப் பின்வந்த மியாசாக்கி போன்றோர் குறை கூறினர். அக்குறை புறந்தள்ளத்தக்கதன்று. உழைப்பாளிப் பாவைக்கு நீதி கேட்டவரின் கூடத்திலேயே உழைப்பு மலிவாயிற்று என்பது வரலாற்றின் முரண்.

1973 ஆம் ஆண்டில் முசி நிறுவனம் முறிந்தது. கடன் கழுத்தளவு ஏறியது. தெசூக்காவின் காலம் முடிந்தது எனப் பதிப்பாளர் கருதினர். அந்த ஆண்டு இறுதியிலேயே அவர் பிளாக் யாக் என்னும் தொடரைத் தொடங்கினார். முகத்திற் தழும்பும் கையில் அருங்கலையும் உடையவன், உரிமம் இல்லாத அறுவை மருத்துவன், அதன் நாயகன். செல்வரிடம் பெரும்பொருள் கேட்பான். ஏழையிடம் சில வேளை ஒரு சிறு பொருளும் போதும் என்பான். உயிரைக் காக்கும் தகுதி தாளில் உள்ளதா, கையில் உள்ளதா என்பதே அக்கதைகளின் உள்ளுறை. உரிமம் பெற்றும் மருத்துவம் பாராத ஒருவர், உரிமமின்றி மருத்துவம் பார்க்கும் ஒருவனைப் படைத்து மீண்டும் தலைநிமிர்ந்தார்.

புத்தரும் பீனிக்சும்

1972 முதல் 1983 வரை வரைந்த புத்தர் என்னும் பெருநூல் இலங்கையர் அறியவேண்டியது. அது அரண்மனையில் தொடங்கவில்லை. அடிமைச் சிறுவனாகிய சாப்ராவையும், குலத்துக்குப் புறம்பாகத் தள்ளப்பட்ட தத்தா என்னும் சிறுவனையும் முதலிற் காட்டுகின்றது. இவர்கள் கற்பனைப் பாத்திரங்கள். இழிந்தோர் எனப்பட்டோர் துயரை வாசகர் உணர்ந்த பின்னரே சித்தார்த்தர் பிறக்கின்றார். நோய்க்கு முன் மருந்து கூறாத மருத்துவரின் முறை இது.

தம் வாழ்நாட் பணி என அவர் கருதியது பீனிக்சு. 1954 இல் தொடங்கிய அது, தொன்மையான கடந்த காலத்திலிருந்தும் தொலைவான எதிர்காலத்திலிருந்தும் மாறி மாறி வந்து நிகழ்காலத்தை நெருங்குவது. அதனில் ரோபித்தா என்னும் பணியாள் ரோபோக்களின் கதை உண்டு. அவற்றுள் ஒன்று ஒரு குழந்தையின் சாவுக்குக் காரணம் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு அழிக்கப்படவே, ஏனையவை யாவும் அணியணியாகச் சென்று உலையிற் புகுகின்றன. கூக்குரல் இல்லை; குருதி இல்லை. படித்து மூடியபின் நெடுநேரம் பேச இயலாதிருந்தேன்.

தெசூக்கா 1989 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி வயிற்றுப் புற்றுநோயினாற் தோக்கியோவிற் காலமானார். அகவை 60. மருத்துவமனைப் படுக்கையிலும் வரைகோலை வேண்டினார். ஏறத்தாழ 700 ஆக்கங்கள், 1,50,000 பக்கங்கள் அவர் விட்டுச்சென்ற செல்வம். அவருடைய தொகுப்பு நூல்கள் 400 தொகுதிகளாயின. 1994 ஆம் ஆண்டிற் தக்கராசுக்காவில் அவருக்கு நினைவு அருங்காட்சியகம் எழுந்தது. பீனிக்சோ முடியாமல் நின்றது.

பண்டாரவளையிலிருந்து பதுளை செல்லும் வீதியில் தோவ விகாரையிற் பாறையில் ஓங்கி நிற்கும் புத்தர் உருவமும் செதுக்கி முடிக்கப்படாததே. முடியாமை அதன் பெருமையைக் குறைத்ததில்லை. செயற்கை நுண்ணறிவு பற்றி உலகம் வாதிடும் இந்நாளில், தெசூக்கா முடிக்காது விட்ட வினா இன்னும் கூர்மையாகியுள்ளது. எனினும் பொறிக்குத் திணை தேடுமுன், உழைக்கும் மனிதர் அனைவரும் உயர்திணையுள் உண்மையாகவே எண்ணப்பட்டனரா எனப் பார்த்தல் நம் கடன்.

மலையகத்தார் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு, 2023 ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியே பலர் நடந்தனர். அவ்வழியில் வீழ்ந்தவர்க்குப் பெயரில்லை, கல்லறையில்லை, படமுமில்லை. ஆசிரியப் பெருமக்களே, நம் பிள்ளைகளின் கொப்பி ஓரங்களிற் படம் கண்டால் உடனே அழிப்பான் எடுக்கவேண்டா. அந்நடையைக் கட்டம் கட்டமாகத் தீட்டி, அம்மக்களை வந்தார்கள் என எழுதப்போகும் கை அதுவாகவும் இருக்கலாம்.